ரெஸ்யூமேயில் டைப்ரைட்டிங் ஹையர் இருக்கட்டுமா, எடுத்துவிடலாமா?

பனியன்கணக்கு:
பி.காம் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் (சிஏ). திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மூன்று வருடமாக அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். இப்போது கோவையில் வேலை தேடுகிறேன். ஸ்கில்ஸ் பகுதியில் இருப்பவை: டேலி, எக்ஸெல், ஜிஎஸ்டி, டிடிஎஸ், டைப்ரைட்டிங் தமிழ் - இங்கிலீஷ் ஹையர், இந்தி மத்யமா தேர்வு, சி பிளஸ் பிளஸ், போட்டோஷாப், டீம் ஒர்க், லீடர்ஷிப். எதை வைக்க, எதை எடுக்க?

கணக்குப்பிள்ளை:
பாதியை எடுத்துவிடுங்கள் தம்பி. ஆள் எடுக்கும் இடத்தில் இருப்பதால் சொல்கிறேன். டீம் ஒர்க், லீடர்ஷிப் எல்லாரும் போடுகிறார்கள், அதனால் யாரும் படிப்பதில்லை. சி பிளஸ் பிளஸ் ஒரு செமஸ்டர் படித்திருப்பீர்கள். இன்றைக்கு ஒரு புரோகிராம் எழுதச் சொன்னால் எழுதுவீர்களா?

ஜிஎஸ்டி என்று ஒற்றை வார்த்தை போட்டால் எனக்கு என்ன தெரியும்? பர்ச்சேஸ் பில்லை, சப்ளையர்கள் ஜிஎஸ்டி போர்ட்டலில் ஏற்றியதைக் காட்டும் 2பி-யோடு ஒப்பிட்டு, சப்ளையர் ஏற்றாமல் விட்ட பில்லைப் பிடித்து, போன் போட்டு ஏற்ற வைத்திருக்கிறீர்களா? 20ஆம் தேதிக்குள் 3பி மாத ரிட்டர்ன் தாக்கல் செய்தது நீங்களா, இல்லை ஆடிட்டர் ஆபீஸுக்கு டேட்டா அனுப்பியதோடு சரியா? இரண்டும் வேறு வேறு வேலை. அப்புறம், ஏற்றுமதி நிறுவனம் என்கிறீர்கள். எல்யூடி (வரி கட்டாமல் ஏற்றுமதி செய்யக் கொடுக்கும் உறுதிக் கடிதம்), ஜிஎஸ்டி ரீஃபண்ட் எதையும் தொட்டதே இல்லையா? பட்டியலில் காணோமே.

வேப்பமரத்தடி:
சார் சொல்வதெல்லாம் ரெஸ்யூமே அவர் மேஜைக்கு வந்த பிறகு. வந்து சேர வேண்டாமா? நௌக்ரி மாதிரி வேலை போர்ட்டலில் ஆள் தேடுபவர் டேலி, டிடிஎஸ் என்று வார்த்தையைப் போட்டுத்தான் தேடுகிறார். அவருக்கு 2பி என்றால் என்னவென்றே தெரியாமல் இருக்கலாம். டேலி பிரைம் 2020-லேயே வந்துவிட்டது, ஆனாலும் பழைய டேலியான இஆர்பி 9 என்று கேட்கிற விளம்பரம் இன்னும் வருகிறது. இரண்டையும் போடுங்கள். பட்டியல் நீளமாக இருந்தால் என்ன, யார் அடிக்கப் போகிறார்கள்?

கணக்குப்பிள்ளை:
அடிக்க மாட்டோம், சிஸ்டம் முன்னால் உட்கார வைப்போம். 'அட்வான்ஸ்டு எக்ஸெல்' என்று போட்ட ஒருவரிடம் இரண்டு ஷீட்டைக் கொடுத்து பில் நம்பரை ஒப்பிடச் சொன்னேன். அதற்கான வி-லுக்அப் ஃபார்முலா போட்டார், எல்லாம் என்ஏ, அதாவது கிடைக்கவில்லை என்று வந்தது. ஒரு ஷீட்டில் நம்பர்கள் டெக்ஸ்டாக இருந்தன, அவ்வளவுதான். அதைப் பிடிக்கத் தெரியாமல் கண்ணால் ஒவ்வொன்றாகத் தேட ஆரம்பித்துவிட்டார். வெறும் 'எக்ஸெல்' என்று போட்டிருந்தால் நான் அந்தச் சோதனையே வைத்திருக்க மாட்டேன். போர்ட்டலில் கீ ஸ்கில்ஸ் என்று தனி இடம் இருக்கிறது, வார்த்தைகளை அங்கே கொட்டுங்கள். ரெஸ்யூமே தாளை விட்டுவிடுங்கள்.

கீபோர்டு_கிருஷ்ணகிரி:
டைப்பிங்கை எடுக்கச் சொல்லாதீர்கள். ஹையர் என்றால் நிமிடத்துக்கு 45 வார்த்தை, தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிற அரசுத் தேர்வு. குரூப் 4 டைப்பிஸ்ட் வேலைக்கு அதைத்தான் கேட்கிறார்கள். போட்டோஷாப்போடு சேர்த்து அதையும் குப்பையில் போடுவது அநியாயம்.

கணக்குப்பிள்ளை:
குரூப் 4 விண்ணப்பத்தில் போடட்டும், யார் வேண்டாம் என்றது? கம்பெனி அக்கவுண்ட்ஸில் நம்பர் பேடில் ஓடுகிற கைதான் முக்கியம். படிப்புக்குக் கீழே சான்றிதழ் என்று ஒரு வரியில் இருந்துவிட்டுப் போகட்டும். இந்தி மத்யமாவும் அப்படித்தான். பேச வருமா?

பனியன்கணக்கு:
மத்யமா எட்டாம் வகுப்பில் எழுதியது, மறந்துவிட்டது. ஆனால் பேச வரும் சார், அது யூனிட்டில் கற்றுக்கொண்டது. பீகார், ஒடிசா ஆட்களுக்கு சம்பளத்தில் பிஎஃப் எவ்வளவு பிடித்தம், ஓவர்டைம் எப்படிப் போட்டிருக்கிறது என்று நான்தான் சொல்லிப் புரிய வைப்பேன். பிஎஃப்புக்கு மாதாமாதம் ஏற்றும் ரிட்டர்னான ஈசிஆர் போடுவதும் நான்தான். ரீஃபண்டுக்கு ஷிப்பிங் பில் விவரம் தொகுத்துக் கொடுத்திருக்கிறேன், தாக்கல் செய்வது ஆடிட்டர்.

கணக்குப்பிள்ளை:
அடப்பாவி, இதையெல்லாம் விட்டுவிட்டு லீடர்ஷிப் என்று எழுதியிருக்கிறீர்களே! ஈசிஆர், ஷிப்பிங் பில் தொகுத்தது, பேச்சு இந்தி, மூன்றும் மேலே வரட்டும். ரீஃபண்டில் 'தொகுத்தேன்' என்றே எழுதுங்கள், 'தாக்கல் செய்தேன்' என்று நீட்ட வேண்டாம்.

வேப்பமரத்தடி:
இதில் எனக்கும் மறுப்பில்லை. ஆனால் 'பேரோல்' என்ற வார்த்தையும் கூடவே இருக்க வேண்டும், ஈசிஆர் என்று எவரும் தேட மாட்டார். இஆர்பி 9-ஐயும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கீபோர்டு_கிருஷ்ணகிரி:
சான்றிதழ் வரியில் 'ஹையர், இரு மொழி' என்று முழுதாக எழுதுங்கள் தம்பி. வெறும் 'டைப்பிங்' வேண்டாம்.