சைசிஜியம் மாதிரி: இலை உதிர்கிறது, காம்பிளில் பெயர் பிடிபடவில்லை

சோலைக்கிளை:

ஆனைமலைப் பசுமைமாறாக் காட்டில், ஏறத்தாழ 1,200 மீட்டர் உயரத்தில் நிற்கும் நாவல் சாதி மரம். இலைகள் எதிரெதிர், விளிம்பை ஒட்டி ஒரு நரம்பு ஓடுகிறது, கசக்கினால் வாசனை. ஆகவே நாவலின் பேரினமான சைசிஜியம் என்பதில் சந்தேகமில்லை. வனத்துறை அனுமதியோடு ஜூனில் காய்க்கிளை எடுத்தாயிற்று. அழுத்துச் சட்டத்தில் வைத்த மூன்றாம் நாளே இலைகள் கழன்று விழுகின்றன. தாளில் பூஞ்சை வேறு. காம்பிளின் சென்னை மாகாணத் தாவர நூலில் திறவுகோல் (அடையாளங்களைக் கேட்டுக் கேட்டு இனத்தின் பெயருக்கு இட்டுச் செல்லும் பட்டியல்) பூவைக் கேட்கிறது, கையில் பூ இல்லை. எதனுடனும் பொருந்தாததால் புது இனமோ என்று தோன்றுகிறது. எங்கிருந்து சரிசெய்வது?

தொகுப்பறை:

கிளை இன்னும் சாகவில்லை, அதனால்தான் இலை உதிர்கிறது. மழைக்காலத்தில் மெதுவாக உலரும் கிளை உயிரோடு இருக்கும்வரை காம்படியில் வெட்டுப்படலம் உண்டாக்கி இலையைத் தள்ளிவிடும். வெட்டியவுடன் கொன்றுவிடுங்கள். முகாமில் அடுப்பு இருந்தால் கொதிக்கும் நீரில் ஒரு நிமிடம் முக்கி, துணியில் ஒற்றி, அழுத்தலாம். அடுப்பில்லையா, ஸ்பிரிட். ஒவ்வொரு மாதிரியையும் செய்தித்தாளில் மடித்து, கட்டாகக் கட்டி, தடித்த பாலிதீன் பையில் இட்டு, 60–70 சதவீத ஆல்கஹாலைத் தாள் முழுக்க நனையும்வரை ஊற்றி, வாயை டேப் போட்டு அடைத்துவிடுங்கள். சில வாரம் தாங்கும். எண்ணைப் பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து, இருபது மாதிரியும் பெயரில்லாப் பிள்ளைகளாகிவிடும்.

உலர்த்தும்போது மாதிரித்தாள், ஒற்றுத்தாள், நெளி அட்டை என்று அடுக்குங்கள். எல்லா அட்டையின் நெளிவும் ஒரே திசையில் இருக்கட்டும். அடியிலிருந்து வரும் சூடான காற்று அந்தக் குழல்கள் வழியாகத்தான் ஏற வேண்டும். 45–50 டிகிரி போதும், அதற்கு மேல் போனால் இலை அப்பளம். கட்டு சுருங்கச் சுருங்க வாரை தினமும் இறுக்காவிட்டால் இலை சுருண்டுவிடும். காய்ந்ததா என்று பார்க்க இலையைக் கன்னத்தில் வையுங்கள். சில்லென்றிருந்தால் ஈரம் இருக்கிறது.

பூஞ்சை பிடித்ததை ஸ்பிரிட் தொட்ட தூரிகையால் துடைத்து மறுபடி உலர்த்துங்கள். பூச்சிக்கு, பாலிதீனில் அடைத்து மைனஸ் 20 டிகிரியில் ஒரு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். அறைச் சூட்டுக்கு வருமுன் பிரித்தால் காற்றின் ஈரமெல்லாம் மாதிரியில் படியும். பழைய உலர்தாவரத் தொகுப்புகளில் மெர்குரிக் குளோரைடு பூசியிருப்பார்கள், அவற்றைத் தொட்டால் கை கழுவாமல் சாப்பிடப் போக வேண்டாம்.

ஒட்டும் தாள் 28 × 42 செ.மீ. கிளையை அதற்கேற்ப மடியுங்கள். ஓர் இலையாவது முதுகு காட்டட்டும்.

காம்புக்கண்:

“சந்தேகமில்லை” என்ற இடத்திலேயே நிற்கிறேன். நீங்கள் சொன்ன மூன்று அடையாளமும் அதே குடும்பத்தின் இன்னொரு பேரினமான யூஜீனியாவுக்கும் உண்டு. யூஜீனியாவில் பூவடியில் இரண்டு சிறு பூவடிச்செதில்கள் உதிராமல் ஒட்டியிருக்கும், இளந்தளிரிலும் பூவிலும் பெரும்பாலும் மென்மயிர் தெரியும். சைசிஜியத்தில் செதில் சீக்கிரம் உதிர்ந்துவிடும், உடம்பெல்லாம் வழவழப்பு. கையில் காய் இருக்கிறதே, விதையைப் பிரித்துப் பாருங்கள். பருப்பு இரண்டு வித்திலையாகப் பிரிந்தால் சைசிஜியம், ஒட்டிய ஒரே உருண்டையானால் யூஜீனியா. (நாவலில் ஒரே விதைக்குள் பல கரு இருப்பதுண்டு, துண்டு கூடினால் பதற வேண்டாம்.)

திறவுகோல் முட்டுவதற்கு இன்னொரு காரணம் இருக்கலாம். நாவலையே பாருங்கள்: லின்னேயஸ் 1753-இல் மிர்ட்டஸ் குமினி என்றார், லமார்க் யூஜீனியா ஜம்போலானா என்றார், 1912-இல் ஸ்கீல்ஸ்தான் சைசிஜியம் குமினி ஆக்கினார். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவர நூல் எல்லாவற்றையும் யூஜீனியாவில் போட்டது. காம்பிள் சைசிஜியம், ஜம்போசா, யூஜீனியா என்று மூன்றாகப் பிரித்தார். பெரிய பூ, தனித்தனியாக விரியும் இதழ் என்றால் ஜம்போசா. இதழ்கள் ஒட்டிக் குல்லாய் போல் கழன்று விழுந்தால் சைசிஜியம். இடைப்பட்டவை நிறைய இருப்பதால் இன்று இரண்டும் ஒன்றே. ஆகவே உங்கள் மரம் அதே நூலில் ஜம்போசா பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம்! சைசிஜியம் திறவுகோலை மட்டும் பத்து முறை படித்தாலும் அது கிடைக்காது.

பூ கட்டாயம் வேண்டும். மரத்துக்கு எண் கட்டி, வறண்ட பருவத்திலிருந்தே மொட்டு வருகிறதா என்று பாருங்கள். காய்க்கிளை எடுத்த அதே மரமாக இருக்க வேண்டும். பக்கத்து மரத்துப் பூவையும் இந்த மரத்துக் காயையும் சேர்த்து விவரித்தால் இல்லாத இனம் ஒன்று பிறந்துவிடும். சில மொட்டுகளை 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள், பென்சில் எண் குப்பிக்குள்ளேயே இருக்கட்டும். காய்ந்த பூவானால் வெந்நீரில் சில நிமிடம் கொதிக்கவிட்டு, 10 மடங்கு லென்சில் பிரிக்கலாம். புல்லிக்குழலின் நீளமும் வடிவமும், இதழ் விழும் விதம், பூங்கொத்து நுனியிலா இலைக்கக்கத்திலா பழைய கட்டையிலா, இளங்கிளை உருண்டையா நாற்கோணமா: இவற்றைத்தான் திறவுகோல் கேட்கும். மகரந்தத் தாளின் நிறம், பட்டை, மார்பளவுச் சுற்றளவு, உயரம், அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் அங்கேயே களப்புத்தகத்தில் ஏறட்டும். உலர்ந்த மாதிரி நிறம் சொல்லாது.

சோலைக்கிளை:

விதை இரண்டாகப் பிரிந்தது. சைசிஜியம்தான். டி.என்.ஏ. பார்த்தால் இனம் தெரிந்துவிடாதா? பூவுக்கு அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டுமே.

வகைமாதிரி:

ஸ்பிரிட் பட்ட இலையில் டி.என்.ஏ. கெட்டிருக்கும். அடுத்த முறை ஸ்பிரிட்டுக்கு முன், இளம் இலையைக் கிழித்து, அதன் எடையைப்போல் பத்து மடங்கு சிலிகா ஜெல்லில் புதையுங்கள். மணி நிறம் மாறினால் மாற்றுங்கள், ஒரு நாளுக்குள் இலை நொறுங்கும்படி காய வேண்டும். ஆனால் சைசிஜியம் ஆயிரத்துக்கு மேற்பட்ட இனங்கள் கொண்ட பேரினம். ஆர்.பி.சி.எல்., மேட்-கே என்ற வழக்கமான இரண்டு பட்டைக்குறியீடுகளும் (இனம் காண ஒப்பிடும் டி.என்.ஏ. துண்டுகள்) நெருங்கிய இனங்களைப் பிரிக்கத் திணறும். ஒப்பிட வேண்டிய வரிசையே தவறான பெயரில் ஏற்றப்பட்டிருந்தால், உங்கள் மரத்துக்கும் அந்தத் தவறான பெயரே ஒட்டும்.

புது இனம் என்ற பேச்சு வகைமாதிரிகளை, அதாவது ஒவ்வொரு பெயருக்கும் ஆதாரமாக வைத்த மாதிரிகளை, பார்த்த பிறகு. முதலில் கோவையிலுள்ள சென்னைத் தொகுப்பில் மேற்குமலைச் சைசிஜியம் தாள் அத்தனையையும் புரட்டுங்கள். ஓர் இனத்துக்குள்ளேயே இலை எவ்வளவு மாறுகிறது என்று அங்குதான் தெரியும். நிழலில் நிற்கும் இளமரத்து இலையும் உச்சிக்கிளை இலையும் வெவ்வேறு இனம் போலவே இருக்கும். பிறகு ஒவ்வொரு பழைய பெயருக்கும் மூல விவரிப்பையும் வகைமாதிரிப் படத்தையும் தேடுங்கள். ஒதுக்கப்பட்ட இணைப்பெயர்களையும் விடாதீர்கள், நீங்கள் புதிது என்று நினைப்பதற்கு ஒருவேளை நூறாண்டுக்கு முன்பே அங்கே பெயர் வைத்திருப்பார்கள். சோலை மரமான சைசிஜியம் டென்சிஃபுளோரம் பழைய நூல்களில் ஆர்னோட்டியானம் என்று இருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தாவரவியலாளர் ராபர்ட் வைட்டின் தாள்களில் எண் இருக்கும், சேகரித்த ஊர் பெரும்பாலும் இருக்காது. எந்தத் தாள் வகைமாதிரி என்பதையே தீர்மானிக்க வேண்டிவரும்.

அத்தனையும் தாண்டியும் பொருந்தாவிட்டால் எழுதுங்கள். 2012 ஜனவரி 1 முதல் விவரிப்பு லத்தீனிலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். ஹோலோடைப் (புதுப் பெயரைத் தாங்கும் தனி மாதிரி) எது, எந்தத் தொகுப்பில் என்று கட்டுரையிலேயே குறிக்காவிட்டால் பெயர் செல்லாது. 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டப்படி புது இனத்தின் மாதிரியை அறிவிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கவும் வேண்டும். ஆகவே பூ எடுக்கும்போது ஒரே கிளைத்தொகுதியிலிருந்து நான்கைந்து இரட்டைப் படிகள், எல்லாவற்றுக்கும் ஒரே சேகரிப்பு எண். ஜூனில் எடுத்த காய்க்கு அந்த எண்ணைப் போடாதீர்கள். அது வேறு நாள் சேகரிப்பு, தனி எண். “அதே மரம்” என்று குறிப்பில் எழுதினால் போதும்.