அசே-லெ-ரிதோவா, மோந்த்ரெசோரா? அம்மாவுடன் செல்ல ஏற்ற மறுமலர்ச்சிக் கால ஊர் எது?

கேள்வி

வரும் செப்டம்பரில் அம்மாவை அழைத்துக்கொண்டு பாரிசிலிருந்து லுவார் பள்ளத்தாக்குக்கு இரண்டு நாள் பயணமாகச் செல்ல எண்ணியிருக்கிறேன். ஷம்போர் அரண்மனையை நான் முன்பே பார்த்திருக்கிறேன். அதன் பருமன் மலைக்க வைத்தது. ஆனால் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்து, அறை அறையாக நகர்ந்து வெளியே வந்ததுதான் மிச்சம். இம்முறை அரண்மனை ஒன்றை மட்டும் பார்க்காமல், அதைச் சுற்றி மக்கள் இன்றும் வாழும் பழைய ஊர் ஒன்றில் நிதானமாக நடக்க விரும்புகிறோம். அம்மா வரலாற்று ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்; எதைக் காட்டினாலும் "இதை ஏன் இப்படிக் கட்டினார்கள்?" என்றுதான் முதலில் கேட்பார். அவருக்கு மூட்டு வலி உண்டு. எங்களிடம் கார் கிடையாது. அசே-லெ-ரிதோ, மோந்த்ரெசோர் ஆகிய இரண்டு ஊர்களைக் குறித்து வைத்திருக்கிறேன். இவற்றுள் எது பொருந்தும், அங்கே எதை ஊன்றிப் பார்க்க வேண்டும் என்று சென்று வந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1

கார் இல்லை என்பதால் தயக்கமின்றி அசே-லெ-ரிதோவைத் தேர்ந்தெடுங்கள். பாரிசின் மோன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அதிவேக ரயிலில் தூர் நகருக்கு ஒன்றேகால் மணி நேரம்தான். அங்கிருந்து ஷீனோன் செல்லும் வட்டார ரயிலில் அரை மணி நேரத்தில் இறங்கிவிடலாம். ஆனால் ரயில் நிலையம் ஊரிலிருந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. டாக்சியை முன்னதாகவே பேசி வையுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு அவ்வூர் அரண்மனையைப் போலப் பதில் சொல்லும் கட்டடம் வேறொன்று இருக்குமா என்று தெரியவில்லை. அதைக் கட்டியவர் போர்வீரரோ பரம்பரைப் பிரபுவோ அல்லர். முதலாம் பிரான்சுவா அரசரின் நிதி அதிகாரியாக இருந்த ழீல் பெர்த்தலோ என்பவர். 1518-இல் பழைய கோட்டை இருந்த இடத்தில், ஆந்த்ர் ஆற்றின் நடுவே உள்ள தீவில் வேலை தொடங்கியது. அவர் பெரும்பாலும் அரசுப் பணியில் வெளியூரில் இருந்ததால், கட்டுமானத்தை மேற்பார்த்தவர் அவருடைய மனைவி பிலிப் லெபாயி. (பிலிப் என்பது அக்காலத்தில் பெண்களுக்கும் வழங்கிய பெயர்.) மூலைகளில் சிறு கோபுரங்கள், சுவரின் உச்சியில் எதிரிகள்மீது கல்லெறிய விடும் துளை வரிசை, சுற்றிலும் நீர் என்று கோட்டைக்குரிய எல்லாம் இருக்கும், ஆனால் அவற்றில் எதுவும் போருக்கானதன்று. புதிதாகப் பணம் சேர்த்த ஒருவர், தாமும் பரம்பரைப் பிரபுதான் என்று ஊருக்குச் சொல்லிக்கொள்வதற்கான அலங்காரம் அது.

முற்றத்தில் நின்றால் படிக்கட்டுப் பகுதி முகப்பின் நடுவே தனித்துத் தெரியும். அதுவரை பிரெஞ்சு மாளிகைகளில் படிக்கட்டு என்றால் பெரும்பாலும் வெளியே துருத்தி நிற்கும் கோபுரத்துக்குள் சுழன்று ஏறுவதுதான். இங்கே இத்தாலிய முறையில் நேராக ஏறி, இடையே ஒரு மேடையில் திரும்பி மீண்டும் ஏறும் படிகளைக் கட்டடத்தின் உள்ளேயே அமைத்து, அதன் திறப்புகளை முகப்பில் இரண்டிரண்டாக அடுக்கியிருக்கிறார்கள். அங்கே அரசரின் சின்னமான, தீயில் வாழும் என்று நம்பப்பட்ட, பல்லி போன்ற சலமாண்டரையும், அரசி குளோதின் சின்னமான வெண்கீரியையும் காணலாம். யாருடைய தயவை நாடி அந்தச் சலமாண்டரைச் செதுக்கினாரோ அதே அரசர்தான் பின்னர் அரண்மனையைப் பறிமுதல் செய்தார். 1527-இல் பெர்த்தலோவின் உறவினரும் அரசின் நிதித்துறையில் செல்வாக்கு மிக்கவருமான செம்ப்லான்சே தூக்கிலிடப்பட்டதும், அடுத்தது தாமே என்று அஞ்சி அவர் ஓடிப்போனார். தம் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. கட்டடம் முழுமையாகாமல் இரண்டு பக்கங்களோடு நின்றுபோனதற்குக் காரணம் அதுதான்.

மறுமொழி 2

மேலே நண்பர் சொன்னவற்றோடு ஒரு சிறு எச்சரிக்கையைச் சேர்க்க விரும்புகிறேன். அங்கே கண்ணில் படுவதெல்லாம் 16-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று அம்மாவிடம் சொல்லிவிடாதீர்கள். வரலாற்று ஆசிரியை உங்களை விடமாட்டார். 1791-இல் அரண்மனையை வாங்கிய பியான்கூர் குடும்பத்தார், முற்றத்து மூலையில் இடைக்காலக் கோட்டையின் எச்சமாக நின்ற கோபுரத்தை அகற்றிவிட்டு, 1845-இல் மறுமலர்ச்சிப் பாணியிலேயே புதிய வட்டக் கோபுரம் ஒன்றை எழுப்பினார்கள். எல்லோரும் புகைப்படம் எடுக்கும் அந்த நீர்ப்பிரதிபலிப்பும் 20-ஆம் நூற்றாண்டில் ஆற்றுநீரை விரித்து அமைத்ததே. 1905-இல் அரசு அரண்மனையை வாங்கியது. பெர்த்தலோ இன்று வந்து பார்த்தால் தம் வீடு என்று சட்டென அடையாளம் காணமாட்டார் என்பது என் எண்ணம். ஆனாலும் அழகில் எனக்குக் குறை எதுவும் தோன்றவில்லை.

பலர் அரண்மனையை மட்டும் பார்த்துவிட்டு அடுத்த ரயிலுக்கு ஓடிவிடுகிறார்கள். அருகிலேயே உள்ள புனித சம்ஃபோரியன் தேவாலயத்தின் மேற்கு முகப்பை அவசியம் பாருங்கள். வளைவுகளுக்குள் வரிசையாக நிற்கும் சிறு கல்லுருவங்கள் அரண்மனையைவிடப் பல நூற்றாண்டுகள் மூத்தவை. ஊருக்கும் ஒரு கதை உண்டு. 1418-இல் பின்னாளில் ஏழாம் சார்ல்ஸ் ஆன இளவரசரை இவ்வூர்க் கோட்டையில் இருந்த, எதிரணியான பர்கண்டிப் பிரபுவின் படையினர் ஏளனம் செய்ய, அவர் கோட்டையைப் பிடித்து, படையினரைக் கொன்று, ஊரையும் கொளுத்திவிட்டார். அதன் பிறகு நெடுங்காலம் இதற்கு "எரிந்த அசே" என்றே பெயர்.

மறுமொழி 3

மோந்த்ரெசோருக்காகப் பேச ஒருவராவது வேண்டும் அல்லவா? அங்கே நேரடி ரயில் இல்லை. லோஷ் நகரிலிருந்து 20 கிலோமீட்டருக்குள்தான் என்றாலும் காரோ டாக்சியோ இல்லாமல் போவது சிரமம். ஆனால் ஊர் மிகச் சிறியது. ஆந்த்ருவா ஆற்றங்கரையில் இருந்து பார்த்தால் கோட்டையும் தேவாலயமும் வீடுகளும் ஒரே பார்வையில் அடங்கிவிடும். நான்கு அரசர்களிடம் ஆலோசகராக இருந்த ஆம்பேர் தெ பஸ்தர்னே, தம் குடும்பத்தாரின் கல்லறைக்காகவே ஒரு தேவாலயத்தை எழுப்பத் தொடங்கினார். அவர் 1523-இல் இறந்த பிறகும் வேலை நீண்டது. உள்ளே அவரும் மனைவியும் மகனும் வெண்சலவைக்கல்லில் படுத்திருக்கும் கல்லறை இருக்கிறது. அவர்களின் கைகளையும் ஆடை மடிப்புகளையும் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். பின்னாளில் ஷெனன்சோ அரண்மனையைப் பெற்ற இரண்டாம் ஹென்றி அரசரின் காதலி தியான் தெ புவாத்தியே, ஆம்பேரின் பேத்திதான். கோட்டையை 1849-இல் போலந்துப் பிரபு சேவியர் பிரானிட்ஸ்கி வாங்கியதால், பிரெஞ்சு நாட்டுப்புறத்தின் நடுவே போலந்து நினைவுப் பொருள்கள் நிறைந்த அறைகளைப் பார்க்கும் விந்தையும் கிடைக்கும்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. முதல் மறுமொழியைப் படித்துக் காட்டியதும் அம்மா அசே என்று முடிவு செய்துவிட்டார். மோந்த்ரெசோரை, கார் ஓட்டத் தெரிந்த தம்பி வரும் ஆண்டுக்கு ஒதுக்கி வைத்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள். அந்தப் படிக்கட்டு மூட்டு வலிக்காரருக்கு ஒத்துவருமா? இரண்டாம் நாளை எப்படிக் கழிப்பது?

மறுமொழி 1

சுழற்படியில் உட்புறம் குறுகி, காலை எங்கே வைப்பது என்று தடுமாற வேண்டியிருக்கும். இங்கே படிகள் நேரானவை என்பதோடு இடையே நின்று இளைப்பாற மேடைகளும் உள்ளன. அவசரப்படாமல் ஏறினால் முடியும். மேற்கூரைக்கு அடியில் உள்ள ஓக் மரச் சட்டகத்தையும் பார்க்கலாம். அதற்கு மேலும் ஏற வேண்டும் என்பதால் அம்மாவின் விருப்பத்துக்கே விட்டுவிடுங்கள்.

இரண்டாம் நாள் டாக்சியில் வில்லேன்-லே-ரொஷே செல்லுங்கள். ஆறு கிலோமீட்டர் தூரம்தான். மென்மையான தூஃபோ சுண்ணாம்புப் பாறையைக் குடைந்த குகை வீடுகளும், வில்லோ மிலாறுகளால் கூடை முடைவோரும் உள்ள ஊர் அது. ஊர்ப் பாதிரியார் 1849-இல் தொடங்கி வைத்த முடைவோர் கூட்டுறவு இன்றும் இயங்குகிறது. அரண்மனைச் சுவரில் பார்த்த அதே வெண்கல் வகையை அங்கே பாறையாகவே காணலாம். மதிய உணவை இரண்டு மணிக்கு முன் முடித்துவிடுங்கள்; அதன் பிறகு பல உணவகங்களில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். ஞாயிறு மாலையும் திங்களும் கடைகள் பல மூடியிருக்கும் என்பதால் செவ்வாய், புதன் நாள்களாகப் பார்த்துக்கொள்வது நல்லது. அம்மா சைவம் என்றால், நடுவே வைக்கோல் தண்டு செருகிய செந்த்-மோர் ஆட்டுப்பாற்கட்டியும் ரொட்டியும் அங்கே எளிதாகக் கிடைக்கும். வாங்கும்முன் விலங்கின் வயிற்றிலிருந்து எடுக்கும் உறைபொருள் (ரென்னட்) சேர்த்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.