மறு: லிங்க்ஸ் – 'கடலோரத் திடல்' சரிவராது

நண்பர்களுக்கு வணக்கம்.

லண்டன் பக்கம் இருக்கும் நம் நண்பர் தம் கோல்ஃப் குழாம் வெளியூர் போய் ஆடும் நாளுக்குத் திடல் தேர்ந்தெடுப்பது பற்றித் தமிழில் எழுதுகிறார், லிங்க்ஸ், பார்க்லேண்டு, ஹீத்லேண்டு என்ற மூன்று வகைத் திடல்களுக்கும் தமிழ்ப் பெயர் கேட்டிருக்கிறார். முதலில், 'குழாம்' என்று அவர் போட்டதை மாற்ற வேண்டாம். சொந்தத் திடல் கிடையாது, வேலையிடத்திலோ பப்பிலோ பழக்கமானவர்கள், ஒவ்வொரு தடவையும் ஒரு புது இடம். இதைக் கழகம், சங்கம் என்றெல்லாம் எழுதினால் பதிவு எண் எங்கே என்று கேட்பார்கள்.

> லிங்க்ஸ் = கடலோரத் திடல். இதில் விவாதிக்க என்ன இருக்கிறது?

இருக்கிறது ஐயா. லங்காஷயரில் ராயல் லித்தம் அண்ட் செயின்ட் ஆன்ஸ் என்றொரு திடல். சுற்றிலும் வீடுகள், ஒரு பக்கம் ரயில் பாதை, ஆடுகிறவர் கண்ணில் கடலே படாது, ஆனால் பிரிட்டிஷ் ஓபன் கோல்ஃப் போட்டி பலமுறை நடந்த அசல் லிங்க்ஸ் அது. இந்தப் பக்கம் கலிபோர்னியாவின் பெபிள் பீச்சைப் பாருங்கள், பசிபிக் கடலுக்கு மேலே பாறை விளிம்பில் இருக்கிறது, பெயரிலேயே லிங்க்ஸ் என்று போட்டிருக்கிறார்கள், இருந்தும் விவரம் தெரிந்தவர்கள் அதை லிங்க்ஸ் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, கடலோரம் என்றால் வர வேண்டியது விட்டுப்போகும், வரக்கூடாதது உள்ளே வரும். இன்னொருவர் சொன்ன 'இணைப்புத் திடல்' அதைவிட மோசம். இது சங்கிலிக் கண்ணியைக் குறிக்கும் சொல்லே அல்ல, மேட்டு நிலத்தைக் குறித்த பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது.

லிங்க்ஸ் என்பது மண்ணின் பெயர். அலையும் காற்றும் குவித்த மணல், அதன்மேல் வேர் பிடித்து மணலை ஓடவிடாமல் நிறுத்திய முரட்டுப் புல், மேடும் பள்ளமுமாகக் கிடக்கிற தரை, மரம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. மண்ணைப் பெயரில் காட்ட வேண்டும் என்று நான் அடம்பிடிப்பதற்குக் காரணம், குழாத்துக்குத் திடல் பிடிக்கிறவர் பார்ப்பதே அதைத்தான். வெளியாட்டக் குழுக்களிடம் கிளப்புகள் வாங்கும் கட்டணத்தில் அடங்குவது பெரும்பாலும் எல்லா இடத்திலும் ஒரே தினுசு: காலையில் காப்பியும் பேக்கன் ரோலும், 18 குழி ஆட்டம், முடித்ததும் சாப்பாடு. முன்பணத்தை மாதக்கணக்கில் முன்னாலேயே கட்டியாக வேண்டும். நவம்பருக்கு என்று லண்டன் களிமண்ணில் ஒரு திடலைப் பிடித்துவிட்டு அந்த வாரம் மழை பெய்தால், விழுந்த பந்து அங்கேயே சேற்றில் புதையும், தள்ளுவண்டிக்குத் தடை போட்டுப் பையைத் தோளில் சுமக்கச் சொல்வார்கள், நல்ல கிரீனை, அதாவது குழி இருக்கும் வழவழப்பான புல்தரையை, சுற்றிக் கயிறு கட்டிவிட்டு அதற்கு முன்னால் புல்லை ஒட்ட வெட்டி 'இன்றைக்கு இதுதான் கிரீன்' என்று ஒரு கொடியை நட்டு வைத்திருப்பார்கள். மணல் தரையில் தண்ணீர் நிற்காது, அதே மழையில் அங்கே ஆடிவிட்டு வரலாம். காற்றுதான் பேயாக அடிக்கும், அது வேறு கதை.

என் பரிந்துரை: எக்கர்த் திடல்.

அலை கொழித்துக் குவித்த மணல் மேட்டுக்கு எக்கர் என்பது சங்கச் சொல். ஐங்குறுநூற்றில் ஞாழல் பத்தின் பாட்டுகள் 'எக்கர் ஞாழல்' என்றே தொடங்குகின்றன, அதாவது மேட்டில் மரம் நிற்கிறது, பூக்கிறது. வெறும் மணல் இல்லை, செடிகொடி பிடித்துக்கொண்ட மணல் மேடு. லிங்க்ஸுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குத் தெரிந்து இல்லை.

> 150 ஏக்கர் எக்கர்த் திடல் என்று எழுதினால் அச்சுப்பிழை என்பார்கள்!

ஹா ஹா, சொல்வார்கள்தான். அதைத் தவிர்க்கத்தான் தனியாக 'எக்கர்' என்று விடாமல் 'எக்கர்த் திடல்' என்று சேர்த்தே எழுதச் சொல்கிறேன். தூத்துக்குடி நண்பர் சொன்ன 'தேரி' புழக்கத்தில் இருக்கும் சொல், அந்தப் பலம் எக்கருக்கு இல்லை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தேரி என்றால் செம்மண், பனை, கால் பொசுக்கும் வெயில். லிங்க்ஸ் திடல்கள் இருக்கும் ஸ்காட்லாந்தின் பைஃப் கடற்கரைக்கு அது ஒட்டாது. யாழ்ப்பாணத்து அன்பர் 'மணற்காடு' என்றார். வடமராட்சிக்காரருக்கு அது ஊர்ப்பெயரே, உடனே புரியும். தமிழ்நாட்டில் உள்ளவர்களோ பாலைவனம் என்று நினைத்துக்கொள்வார்கள். எக்கர் வேண்டாம் என்று பெரும்பான்மை சொன்னால் தேரிக்கு என் ஓட்டு.

மற்ற இரண்டும் சுலபம். பூங்கா மாதிரி மரங்கள் நிறைந்த பார்க்லேண்டுக்கு 'சோலைத் திடல்' போதும். ஹீத்லேண்டுக்கு 'புதர்வெளித் திடல்'. இங்கிலாந்தின் சன்னிங்டேல் திடல் மாதிரி உள்நாட்டில் மணற்பாங்கான மண், ஹெதர் புதர், பைன் மரம். இதுவும் மழைக்காலத்துக்குத் தோதான நிலம். சசெக்ஸில் ராயல் ஆஷ்டவுன் ஃபாரஸ்டின் பழைய திடலில் ஒரு மணற்குழிகூடக் கிடையாது, வனச்சட்டம் தோண்ட விடவில்லை. புதரும் பள்ளமுமே ஆளைப் பாடாய்ப் படுத்தும்.

அப்புறம் 'ஸ்லோப் ரேட்டிங்'. இதைச் 'சரிவு மதிப்பீடு' என்று எழுதியவர் தயவுசெய்து திருத்திவிடுங்கள், மலைச்சரிவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கைதேர்ந்தவரைவிடச் சுமாராக ஆடுகிறவருக்குத் திடல் எவ்வளவு கூடுதல் கடினம் என்பதைக் காட்டும் எண் இது. 55இலிருந்து 155 வரை போகும், 113 நடுவான திடல். பிரிட்டனில் 2020இல் ஹேண்டிகேப்புக்கான உலகப் பொதுமுறை வந்ததிலிருந்து, சுமாராக ஆடுகிறவருக்குக் கழித்துக் கொடுக்கும் சலுகை அடிகளை (ஹேண்டிகேப்) இதை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். மற்ற திருத்தங்களை விட்டுவிட்டுப் பார்த்தால், 135 உள்ள திடலில் 20 சலுகைக்காரருக்கு 24 கிடைக்கும், 6 சலுகைக்காரருக்கு 7தான். கணக்குப் பாடத்தில் கோட்டின் சாய்வு என்று படித்தோமே, அந்தச் சாய்வுதான் இது. எனவே 'சாய்வெண்'. குழாத்தில் புதியவர்கள் நிறையப் பேர் என்றால் இந்த எண் பெரிதாக உள்ள திடலைத் தவிர்ப்பது நல்லது, சலுகை கூடுதலாகக் கிடைத்தாலும் நாள் முழுக்கப் புதரில் பந்து தேடுவதில் யாருக்கும் சந்தோஷம் இருக்காது.

புள்ளி போட்டு ஆடும் முறைக்கான ஸ்டேபிள்ஃபோர்டு என்பது ஆள் பெயர், அதை அப்படியே விட்டுவிடுவோம். எக்கர்த் திடலுக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக நெல்லைக்காரர்கள்.