சி.ஆர்.பி.எஸ்.க்கு 'வட்டார வலி' வேணாமே

மருத்துவச் சொல்லுக்கெல்லாம் தமிழ் தேடி அக்கா போட்ட லிஸ்ட்ல, சி.ஆர்.பி.எஸ்.க்கு (காம்ப்ளெக்ஸ் ரீஜனல் பெயின் சிண்ட்ரோம்) 'சிக்கலான வட்டார வலி நோய்த்தொகுப்பு'ன்னு பாத்தேன். சொல்லுக்குச் சொல் சரிதான், ஆனா தண்டையார்பேட்டை பக்கம் இத படிச்சுக் காட்டுனா காசிமேட்டுக்குன்னு தனியா ஒரு வலி இருக்கான்னு கேப்பாங்க.

நமக்கு இந்தச் சொல் வேண்டியது கார்ப்பல் டனல் ஆபரேஷனுக்கு முன்னாடி கையெழுத்து வாங்குற ஃபார்ம்ல. மணிக்கட்டுல நரம்ப அமுக்குற பட்டைய வெட்டி விடுறாங்க, மரமரப்பு குறையுது, முக்காவாசிப் பேர் நல்லாயிடுறாங்க. உள்ளங்கை அடியில கொஞ்ச நாள் வலிக்கிறது சகஜம், அது வேற. நாம சொல்றது எப்பவாச்சும் வர்றது: வெட்டுனது சின்ன இடம், வலியோ கை முழுக்க, வீக்கம், நிறம் மாறும், ஒரு கை மட்டும் வேர்க்கும், விரல் மடங்காது. மீன் வெட்டுற ஒரு அம்மா எங்கிட்ட சொன்னது, "ஃபேன் காத்து பட்டாலே உயிரு போவுதுப்பா, கை காந்துது."

அந்தக் காந்தல்தான் காசால்ஜியா. அமெரிக்க உள்நாட்டுப் போர்ல குண்டடி பட்டவங்களப் பாத்து டாக்டர் வியர் மிட்செல் எழுதுனது, கிரேக்கத்துலயும் சூடு, வலிதான் அர்த்தம். அதனால சி.ஆர்.பி.எஸ்.ல இருக்குற ரெண்டு வகையில, நரம்பு அடிபட்டது தெரியுற இரண்டாம் வகைக்கு 'காந்தல்வலி'ன்னு வெச்சிடலாம். (காந்தம்னு குழம்புவாங்கன்னு அண்ணன் சொல்றாரு, வடசென்னையில யாரும் குழம்ப மாட்டாங்க.) ஆனா மொத்தத்துக்கும் அதையே வெக்க முடியாது, சிலருக்கு கை ஜில்லுன்னு ஆயிடுது.

மொத்தத்துக்கு என் ஓட்டு 'மீறுவலி'. காயத்துக்கு மீறுன வலிங்கிறதுதான் இதுக்கு முதல் அடையாளமே. காரணத்த வெச்சு பேர் வெச்சா என்ன ஆகும்னு ஏற்கெனவே பாத்தாச்சு, இதுக்கே முன்னாடி ரிஃப்ளெக்ஸ் சிம்பதெட்டிக் டிஸ்ட்ரோஃபின்னு வெச்சாங்க, (வேர்வை, ரத்த ஓட்டத்தப் பாத்துக்குற) சிம்பதெட்டிக் நரம்பு எல்லாருக்கும் காரணமில்லன்னு 1994ல மாத்த வேண்டியதாப் போச்சு.

ஃபார்ம்ல இப்படிப் போடலாமா பாருங்க: "அரிதாக மீறுவலி வரலாம், வலி குறையாமல் கூடினால், கை வீங்கி நிறம் மாறினால் உடனே வரவும், கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டாம்." கடைசி வரிய தயவுசெஞ்சு எடுத்துடாதீங்க, வலிக்குதுன்னு முந்தானையில சுத்தி வெச்சுக்குறவங்களுக்குத்தான் கை இன்னும் இறுகிப்போவுது.

லேசா தொட்டாலே வலிக்கிற அல்லோடினியாவுக்கு 'தொடுவலி' எனக்கு ஓகே. நரம்பு மேல இருக்குற அழுத்தத்த எடுக்குற டீகம்ப்ரஷனுக்கு 'அழுத்த நீக்கம்' இருக்கட்டும், 'விடுவிப்பு'ன்னா ஜெயில் ஞாபகம் வருது.