கணினி தப்பாச் சொன்னாலும் 'சரி'ன்னு அமுக்குதாங்க, என்ன செய்ய?

பாளை மாணவன்:
அண்ணாச்சிமாரே, கடைசி வருஷ புராஜெக்ட். விஜயநாராயணத்துல நீர்மூழ்கிக்குச் செய்தி அனுப்புற கட்டபொம்மன் கடற்படைத் தளத்து டவரைப் பாத்து வந்த ஆசை. கப்பல் ரேடார் மாதிரி ஒரு திரை. வர்ற புள்ளி எதிரியா, பயணிகள் விமானமான்னு கணினி யோசனை சொல்லும். ஆள் 'சரி', 'இல்லை' அமுக்கணும். ஹாஸ்டல்ல 12 பேரை உக்கார வெச்சு, வேணும்னே 3 இடத்துல தப்பாச் சொல்ல வெச்சேன். 9 பேர் மூணுக்கும் 'சரி'. ஒரு பய பயணிகள் விமானத்தைச் சுட்டுட்டு டீ கேக்கான். சிவப்புல '87% எதிரி'ன்னு காட்டுதேன். எழுத்தைச் சின்னதாக்கினா சரியாயிருமா?

தாழையூத்து:
அந்த 87 எங்கெ இருந்துலே வந்துச்சு? அல்வாக் கடைத் தராசு கூட இவ்வளவு தைரியமா நிக்காது. முதல்ல அதை எடு.

வள்ளியூர் (கடற்படை ஓய்வு):
தம்பி, எழுத்துல இல்ல கோளாறு. 1988 ஜூலை 3, அமெரிக்கக் கப்பல் வின்சென்ஸ் ஈரான் ஏர் 655 பயணிகள் விமானத்தைச் சுட்டுச்சு. 290 உசுரு. கப்பலோட ஏஜிஸ் போர்க் கணினிப் பதிவுல விமானம் ஏறிக்கிட்டுதான் இருந்துச்சு. கப்பலுக்குள்ள இருந்தவங்க இறங்குதுன்னு கத்துனாங்க. உயரம் சின்னத் திரையில வெறும் எண்ணு. ஏறுதா இறங்குதான்னு முந்தின எண்ணை மனசுல வெச்சுக் கழிச்சுப் பாக்கணும். அந்த நெருக்கடியில எவனுக்குக் கணக்கு வரும்? உன் திரையில உயரத்துக்கு ஒரு கோடு போடு, ஏறுறது கண்ணுல படட்டும்.

அதுக்கப்புறம் அமெரிக்கக் கடற்படை, நெருக்கடியில ஆளுக எப்படி முடிவெடுக்காங்கன்னு டாட்மஸ்னு ஒரு ஆராய்ச்சி பண்ணுச்சு. அதுல வந்த திரை, எதிரின்னு நினைக்க என்ன இருக்கு, இல்லன்னு நினைக்க என்ன இருக்குன்னு பக்கத்துல பக்கத்துல வெச்சுச்சு.

தாழையூத்து:
ஆளை முதல்ல சொல்ல விடு, பொறவு கணினி வாய் திறக்கட்டும். 1983-ல சோவியத் அதிகாரி பெத்ரோவ், 5 அமெரிக்க ஏவுகணை வருதுன்னு கணினி தப்பா அலறியும் நம்பல. போர்னா அஞ்சோட நிறுத்துவானான்னு அவருக்குச் சொந்தமா ஒரு யோசனை இருந்துச்சு.

பாளை மாணவன்:
நீங்க சொன்னதையெல்லாம் செஞ்சு வேற 12 பேரை உக்கார வெச்சேன். மூணுலயும் ஏமாந்தது 4 பேர்தான். ஆனா நேரம் கூடிருச்சு, 2 பேர் சரியான யோசனையையும் தட்டிவிட்டுட்டாங்க.

வள்ளியூர்:
அதை ரிப்போர்ட்டுல மறைச்சிராத. அந்த 2 பேரும் எந்தப் புள்ளியில தட்டுனாங்கன்னு பாத்துச் சொல்லு. ஒரே புள்ளின்னா உன் 'இல்லை' பக்கத்துக் காரணம் ஏதோ மிரட்டுது.

பாளை மாணவன்:
ஒரே புள்ளிதான் அண்ணாச்சி. ராத்திரி திருத்திட்டு வாரேன்.