மேற்கு மண் சுவர் நள்ளிரவில் சுடுகிறது: உள்ளே தெர்மாகோல் ஒட்டலாமா?

கேள்வி:
அனைவருக்கும் வணக்கம். திருச்சிக்கு அருகே ஓட்டு வீடு கட்டிக் குடியேறியிருக்கிறோம். ஓரடி கனத்தில் செம்மண் சுவர். இருபுறமும் சுண்ணாம்புப் பூச்சு. பகலெல்லாம் வீடு குளுமையாகத்தான் இருக்கிறது. ஆனால் கத்திரி வெயில் நாட்களில், மேற்குப் படுக்கையறைச் சுவரில் நள்ளிரவில் கை வைத்தால் சுடுகிறது. அம்மா கட்டிலைக் கூடத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார். உட்புறம் தெர்மாகோல் ஒட்டிப் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார். செய்யலாமா?

பதில்:
வணக்கம் ஐயா. தயவுசெய்து உட்புறம் ஒட்டாதீர்கள். மண் சுவர் வெப்பத்தைப் பெரிதாகத் தடுப்பதில்லை; ஓர் அங்குலத் தெர்மாகோல் தடுக்கும் அளவுக்குத் தடுக்க வேண்டுமானால் ஏறத்தாழ இரண்டடி மண் தேவைப்படும். மண் செய்வது வெப்பத்தை வாங்கித் தேக்கி, தணித்து, தாமதமாக வெளிவிடுவது. ஓரடிச் சுவரைக் கடக்க வெப்பத்துக்குச் சுமார் 9 மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 4 மணிக்கு வெளியே ஏறிய சூடு இரவு 1 மணிவாக்கில் உங்கள் கட்டிலருகே வந்து நிற்கிறது. உள்ளே தெர்மாகோல் ஒட்டினால் அந்தச் சூடு குறையும் என்பது உண்மைதான். ஆனால் அறையின் வெப்பத்தைப் பகலில் உறிஞ்சிக்கொள்ளும் சுவரையும் சேர்த்தே இழப்பீர்கள். மண்ணில் ஏறும் ஈரம் உட்பக்கமாக உலரவும் வழியிருக்காது. தடுப்பு எதுவானாலும் சுவருக்கு வெளியேதான் இருக்க வேண்டும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஓட்டு இறவாரம் இரண்டடி நீண்டிருக்கிறதே, அந்த நிழல் போதாதா?

பதில்:
மேற்குக்குப் போதாது. மே மாதத்தில் மாலை 4 மணிக்கு அதன் நிழல் சுவரில் ஒன்றரையடிக்கு மேல் இறங்காது; பிறகு இன்னும் சுருங்கும். சுவரிலிருந்து ஓரடி தள்ளி, மேலும் கீழும் காற்றுப் போகும்படி மூங்கில் தட்டியோ கீற்றுத் தட்டியோ நிறுத்துங்கள். கொடி வளர்ப்பதானால் பந்தலில் ஏற்றுங்கள், சுவரில் படர விடாதீர்கள்.

மற்றொரு பதில்:
வைக்கோல் கலந்த களிமண்ணை வெளியே கனமாகப் பூசும் முறையும் உண்டு. வைக்கோல் மிகுந்திருந்தால்தான் அது வெப்பத்தைத் தடுக்கும். ஆனால் நம் பக்கம் கறையானும் சாரலும் அதை விட்டுவைக்காது. ஆகவே தட்டிதான் என் பரிந்துரை. சிமென்ட் பூச்சும் பிளாஸ்டிக் பெயின்ட்டும் அந்தச் சுவருக்கு வேண்டவே வேண்டாம். செலவு செய்யுமுன், சுவரின் பாதிக்கு மட்டும் சாக்குப் படுதா கட்டிச் சில நாள் விடுங்கள். நள்ளிரவில் இரு பாதிகளையும் தொட்டுப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். வேறுபாடு இல்லையென்றால் ஓட்டின் அடிப்பக்கத்தைக் கவனிக்க வேண்டும்.