தேதியோடு கூடிய பழைய நாளிதழ் நறுக்கு யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம். பினாங்கில் நாங்கள் மூன்று பேர் மலேசியத் தமிழ்ப் பெண்களைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதி வருகிறோம். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் பெண்கள் பிரிவான ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி ஆதி நாகப்பன், ராசம்மா பூபாலன் போன்றவர்களுக்குச் சான்று கிடைத்துவிடுகிறது. தோட்டப்பள்ளி ஆசிரியை, வானொலி நாடகக் கலைஞர் என்று தேடினால்தான் கை வெறுமையாகிறது. ஊரே அறிந்தவராக இருந்தாலும், நம்பகமான இடத்தில் வெளியான ஆதாரம் இல்லாமல் விக்கியில் கட்டுரை நிற்காது.

போன வாரம் ஓர் அக்கா, பிஸ்கட் டின்னில் இருந்து தன் அம்மாவைப் பற்றிய தமிழ் நேசன் நறுக்கை எடுத்துக் கொடுத்தார். மடிப்பில் கிழிந்திருந்தது, அது பரவாயில்லை. படத்தை ஒட்டிக் கத்தரித்ததில் தேதி போய்விட்டது. 2019இல் அந்த நாளிதழும் நின்றுவிட்டது. அக்காவிடம் என்ன சொல்வதென்றே தெரியவில்லை.

உங்கள் வீட்டில் பழைய நாளிதழ், பள்ளி ஆண்டு மலர், சங்க விழா மலர் எது இருந்தாலும் முழுப் பக்கத்தையும் படம் எடுத்து அனுப்புங்கள். அட்டையும் ஆண்டு போட்ட பக்கமும் முக்கியம். தட்டச்சு வேலையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். அப்புறம், கோலாலம்பூர் தேசிய நூலகத்துக்குப் போகிறவர்கள் யாராவது இருந்தால் உள்பெட்டியில் சொல்லுங்கள். அந்த அக்காவின் அம்மா பெயரை முதலில் தேட வேண்டும்.